கொரியாவில் ஹாப்கிடோ கற்கப் போகிறவர்களுக்கு

"அக்கா, ஒரு மாசத்துல ரெண்டு மூணு டெக்னிக் மட்டும் கத்துக்கிட்டாப் போதாதா?" என்று ஹாப்கிடோ என்ற கொரியத் தற்காப்புக் கலையைப் பற்றிப் போன வாரம் ஒரு பெண் என்னிடம் கேட்டாள். டேகு நகரத்துக்கு ஆராய்ச்சிப் படிப்புக்காக வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. ஆய்வகத்தைப் பூட்டிவிட்டு இரவு 11 மணிக்கு மேல் சந்துகள் வழியாக அறைக்கு நடக்கிறவள். கொரியத் தெருக்கள் இரவிலும் பொதுவாகப் பயமில்லாதவைதான். ஆனாலும் குடித்துவிட்டுத் தள்ளாடி வருகிற ஒருவர் கையைப் பிடித்துவிட்டால் என்ன செய்வது என்ற கேள்வி உள்ளே ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

அவளுக்கு நான் சொன்ன பதில் இது. ஒரு மாதத்தில் இரண்டு விஷயத்தைத் தொடங்கலாம். ஒன்று, அடிபடாமல் விழுவது. இன்னொன்று, பிடித்த கையில் இருந்து விடுபட்டு ஓடுவது. உதைப்பது, கை கால் மூட்டைத் திருப்பி அசையாமல் பூட்டுவது, ஆளைத் தூக்கி எறிவது எல்லாம் அதற்கு அப்புறம். ஆறு வருடமாக வாரம் மூன்று நாள் பாயில் விழுந்து எழுந்ததில் எனக்கு உறுதிப்பட்டது இந்த வரிசைதான். இதைத் தலைகீழாகச் சொல்லித்தருகிற இடத்தில் சேராதீர்கள்.

எந்தக் கலை

கொரியா என்றதும் எல்லோருக்கும் ஞாபகம் வருவது டேக்வாண்டோ. 1955-ல் பெயர் சூட்டப்பட்டது. 1988 சியோல் ஒலிம்பிக்கில் காட்சி விளையாட்டாக இருந்து, 2000 சிட்னியில் பதக்க விளையாட்டு ஆனது. தெருவுக்குத் தெரு அதற்குப் பயிற்சிக்கூடம் உண்டு. கால் வேகம், எதிராளிக்கும் நமக்கும் இடையே உள்ள தூரத்தை அளக்கிற கண், உடல் தெம்பு மூன்றும் அதில் நன்றாக வரும். ஆனால் போட்டி விதியைக் கவனியுங்கள். முகத்தில் கையால் குத்தக் கூடாது, இடுப்புக்குக் கீழே உதைக்கக் கூடாது, ஆளைப் பிடிக்கக் கூடாது. ஆண்டுக்கணக்கில் இந்த விதிக்குள்ளேயே பழகின உடம்பு, முகத்தைக் காக்கக் கையைத் தூக்க மறந்துபோகிறது. தெருவில் முதலில் வருவதோ முகத்துக்கு நேரே ஒரு கை, இல்லாவிட்டால் மணிக்கட்டில் ஒரு பிடி. டேக்வாண்டோவில்தான் சேருவேன் என்றால், ஹோசின்சுல் தனியாகச் சொல்லித்தருகிறார்களா என்று கேட்டுக்கொண்டு சேருங்கள். தற்காப்பு முறைகளுக்குக் கொரிய மொழியில் அதுதான் பெயர்.

நான் ஹாப்கிடோவைச் சொல்வதற்குக் காரணம் எளிது. அதன் பாடம் பிடியில் இருந்தே தொடங்குகிறது. மணிக்கட்டைப் பிடித்தால் என்ன, சட்டைக் காலரைப் பிடித்தால் என்ன, பின்னால் இருந்து கட்டிக்கொண்டால் என்ன என்று ஒவ்வொன்றாகப் போகும். சண்டைக்குப் போகாதவர்களுக்கு வருகிற ஆபத்து பெரும்பாலும் இந்த உருவத்தில்தான் வருகிறது.

இந்தக் கலை பிறந்ததும் டேகுவில்தான். சொய் யோங்-சுல் என்பவர் சிறுவயதில் ஜப்பானுக்குப் போய், இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் திரும்பி வந்து இந்த ஊரில் குடியேறினார். ஜப்பானில் அவர் பழகியது டைட்டோ-ரியு என்ற ஜுஜுட்சு மரபு, அதாவது ஆயுதமில்லாமல் பிடித்து அடக்குகிற கலையின் ஒரு மரபு என்பார்கள். யாரிடம், எந்த அளவுக்குப் பழகினார் என்பதில் இன்றும் வாதம் உண்டு. 1948-ல் ஒரு மதுபான ஆலைக்குப் பன்றித் தீவனம் வாங்கப் போன இடத்தில் தகராறு முற்றி, மேலே பாய்ந்த பல பேரை அவர் ஒருவராகவே சமாளித்திருக்கிறார். ஆலை உரிமையாளரின் மகன் சொ பொக்-சொப் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். அவர் ஜூடோவில் கறுப்பு பெல்ட் வாங்கியவர். உடனே ஆளை உள்ளே கூப்பிட்டு, எனக்கும் சொல்லித்தாருங்கள் என்று கேட்டு முதல் மாணவர் ஆனார் என்பது இங்கே ஒவ்வொரு ஆசிரியரும் சொல்கிற கதை. பின்னால் சொய்யின் மாணவர் ஜி ஹான்-ஜே இந்தக் கலையில் உதைகளைச் சேர்த்து, சியோலுக்குக் கொண்டுபோய், அப்போதைய அதிபர் பார்க் சுங்-ஹீயின் பாதுகாவலர்களுக்கும் கற்பித்தார். ஹாப் என்றால் ஒன்றுசேர்தல், கி என்றால் உயிராற்றல், டோ என்றால் வழி. ஜப்பானின் ஐக்கிடோவை எழுதுகிற அதே மூன்று சீன எழுத்துகள்தான். ஆனால் பாயில் ஏறிப் பார்த்தால் உதையும் குத்தும் நிறைய இருக்கிற வேறொரு கலை.

கூடத்தைத் தேடுவது

பயிற்சிக்கூடத்தை இங்கே டோஜாங் என்பார்கள். பெரும்பாலும் ஏதாவது கட்டடத்தின் இரண்டாவது மூன்றாவது மாடியில் இருக்கும். கீழே மருந்துக்கடையோ கோழி வறுவல் கடையோ இருக்கும். வாசலில் மஞ்சள் வேன் நிற்கும். பள்ளி விட்டதும் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வரத்தான் அந்த வேன். அதில் இருந்தே விஷயம் புரிந்துவிடும்: கொரியாவில் டோஜாங் என்பது பெரும்பாலும் பள்ளிப் பிள்ளைகளின் இடம். மாலை 6 மணிக்குப் போனால் சின்னப் பிள்ளைகள் பாட்டுப் போட்டுக் கயிறு தாண்டிக்கொண்டிருப்பார்கள். அதைப் பார்த்துவிட்டு இது நமக்கில்லை என்று திரும்பிவிடாதீர்கள். "சொங்-இன்-பு இஸ்ஸொயோ?" என்று கேளுங்கள். பெரியவர்களுக்கு வகுப்பு இருக்கிறதா என்று அர்த்தம். இருந்தால் இரவு 8 அல்லது 9 மணிக்கு இருக்கும்.

சேருவதற்கு முன் ஒரு வகுப்பு முழுவதையும் உட்கார்ந்து பாருங்கள். ஓரமாக உட்கார்ந்து பார்க்க அநேகமாக யாரும் மறுக்க மாட்டார்கள். மறுத்தால் அதுவே ஒரு பதில். அங்கே நீங்கள் பார்க்க வேண்டியது பிடித்துக்கொள்கிற ஆளின் கையை. செய்கிறவரை எல்லோரும் பார்ப்பார்கள், அவர் கை கால் வீச்சு அழகாகத்தான் இருக்கும். பிடிக்கிறவர் உண்மையிலேயே பிடிக்கிறாரா, இல்லை தொட்டதும் தானாகவே பறந்துபோய் விழுகிறாரா?

இதை நான் சிரமப்பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். நான் முதலில் சேர்ந்த கூடத்தில் எல்லோரும் மிக அழகாக விழுவார்கள். ஐந்து மாதத்தில் எனக்கும் பத்துப் பன்னிரண்டு முறைகள் கைவந்துவிட்டன என்று நம்பினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அரிசி களைந்துகொண்டிருந்தபோது என் அறைத்தோழி விளையாட்டாக வந்து என் மணிக்கட்டைப் பிடித்தாள். "உன் வித்தையைக் காட்டு" என்றாள். திருப்பினேன், முறுக்கினேன், கழுவுதொட்டியில் தண்ணீர் கொட்டியதுதான் மிச்சம். அவள் எந்தக் கலையும் படித்தவள் இல்லை, என்னைவிட ஒல்லி. விடக்கூடாது என்று நினைத்தாள், அவ்வளவுதான். விடக்கூடாது என்று நினைக்கிற ஒரு கையை அந்த ஐந்து மாதத்தில் நான் ஒருநாள்கூடச் சந்தித்திருக்கவில்லை. அடுத்த மாதமே வேறு கூடம் பார்த்தேன்.

ஆகவே ஆசிரியரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "பிடித்தவர் விடாவிட்டால் என்ன செய்வது?" நல்ல ஆசிரியர் முகம் மலர்ந்து, வா, பிடித்துப் பார் என்று கையை நீட்டுவார். "ஒழுங்காகச் செய்தால் விட்டுவிடுவார்கள்" என்று பதில் வந்தால் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். மூன்று மாதம், ஆறு மாதம் என்று சேர்த்துக் கட்டினால் கட்டணம் குறையும் என்பார்கள். முதல் மாதத்துக்கு மட்டும் கட்டுங்கள்.

முதல் வாரம்

பயிற்சி உடைக்குப் பெயர் டோபொக். முதல் நாள் அது தேவையில்லை, முட்டி மூடுகிற பேன்ட்டும் இழுத்தால் கிழியாத டி-ஷர்ட்டும் போதும். ஆசிரியரைச் சபொம்நிம் என்று கூப்பிட வேண்டும். கூடத்தின் தலைவர் என்றால் க்வான்ஜாங்நிம். பெயர் சொல்லிக் கூப்பிடுகிற வழக்கம் கிடையாது. "சாரியொத்" என்றால் நேராக நில், "கியொங்னே" என்றால் வணங்கு, "சிஜாக்" என்றால் தொடங்கு, "கூமான்" என்றால் நிறுத்து. எண்ணிக்கை ஹனா, துல், செத், நெத், தாசொத் என்று போகும். ஒரு வாரத்தில் எல்லாம் தானாகப் பழகிவிடும்.

நம்முடைய ஆட்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மோதிரம், வளையல், கழுத்துச் செயின், தொங்கட்டான் எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டுப் பாயில் ஏறுங்கள். மெட்டியைக் கட்டாயம் கழற்ற வேண்டும். பாயின் இணைப்பில் மெட்டி மாட்டினால் விரலே திரும்பிவிடும், எதிரில் நிற்பவரின் காலையும் கீறிவிடும். கழற்ற மனம் வராத தாலிக்கொடியாக இருந்தால் இறுக்கமான உள்சட்டை ஒன்றுக்குள் விட்டு, அதற்கு மேல் டி-ஷர்ட் போட்டுக்கொண்டு, சபொம்நிமிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். காலர் பிடிக்கிற பயிற்சியில் அவர் பார்த்து நடத்துவார். நகத்தை ஒட்ட வெட்டுங்கள்.

வலி தாங்க முடியாத கட்டத்தில் பாயையோ எதிராளியின் உடம்பையோ இரண்டு முறை தட்ட வேண்டும். தட்டினால் அந்த நொடியே பிடியை விட்டாக வேண்டும். நம் பிள்ளைகள் தட்ட வெட்கப்பட்டுப் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பதை நிறையப் பார்த்திருக்கிறேன். மணிக்கட்டுச் சவ்வு கிழிந்தால் ஆறுவதற்கு மாதக்கணக்கு ஆகும். சீக்கிரம் தட்டுங்கள்.

விழுவது

இதற்குப் பெயர் நக்பொப். எத்தனை வருடம் ஆனாலும் ஒவ்வொரு வகுப்பும் இதில்தான் தொடங்கும். தள்ளுமுள்ளில் உயிருக்கே ஆபத்தாக முடிவது பல நேரம் குத்து இல்லை, குத்து வாங்கியவரின் பின்தலை சிமெண்டில் மோதுவது. அதனால்தான் இதை முதல் பாடம் என்கிறேன்.

பின்புறம் விழுவதில் இருந்து தொடங்குவார்கள். குந்தி உட்காருங்கள். மோவாயை நெஞ்சோடு ஒட்டி, கண் பெல்ட் முடிச்சைப் பார்க்கட்டும். இரண்டு கையையும் நெஞ்சுக்கு முன்னால் குறுக்காக வைத்துக்கொண்டு, முதுகை வில்லாக வளைத்துப் பின்னால் உருளுங்கள். முதுகு பாயைத் தொடுகிற அதே கணத்தில் இரண்டு உள்ளங்கையும் முன்கையோடு சேர்ந்து பாயில் பளார் என்று விழ வேண்டும். கை உடம்பில் இருந்து சுமார் 45 பாகை விலகி இருக்க வேண்டும். தோளுக்கு நேராக நீட்டி அடித்தால் தோள்மூட்டில் அதிர்ச்சி ஏறும். ஒட்டியே வைத்தால் விலாவுக்கு அடியில் கை மாட்டிக்கொள்ளும். விழும்போது மூச்சை வெளியே விடுங்கள். மூச்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தால் நெஞ்சு அடைத்துப்போகும்.

எல்லோரும் செய்கிற தவறு, பின்னால் கையை ஊன்றப் பார்ப்பது. உடம்பு பிறவியிலேயே அப்படித்தான் செய்யும். உடம்பின் மொத்தப் பாரமும் மணிக்கட்டில் இறங்கும், எலும்பு முறியும். அந்தப் பழக்கத்தை மாற்றத்தான் நூற்றுக்கணக்கான தடவை விழச் சொல்கிறார்கள். குந்திய நிலையில் சரியாக வந்ததும் அரைநிற்பில் இருந்து, அப்புறம் நின்றபடி, அப்புறம் யாராவது லேசாகத் தள்ள. பக்கவாட்டில் விழுவதும், முன்னால் விழுவதும், தோளில் உருண்டு எழுவதும் இதே போலப் படிப்படியாக வரும். விழப் பழகிய முதல் இரண்டு மாதமும் என் சபொம்நிம் என்னிடம் சொன்ன சொல் ஒன்றே ஒன்றுதான்: "சொன்சொன்ஹி". மெதுவாக, மெதுவாக.

இரண்டாவது குளிர்காலத்தில், ஜனவரி மாதக் காலைப்பொழுது, அறைக்கு வெளியே இருந்த கல்படியில் ஐஸ் படிந்திருந்ததைக் கவனிக்காமல் கால் வைத்தேன். வானம் தெரிந்தது. எழுந்து பார்த்தால் இரண்டு உள்ளங்கையும் சிவந்திருந்தன, பின்னால் எரிந்தது, தலை தரையைத் தொடவே இல்லை. யோசித்துச் செய்ய நேரம் எங்கே இருந்தது? இந்தக் கலையில் எனக்கு இதுவரை மிகப்பெரிய உபகாரம் செய்தது அந்தக் காலைதான்.

பிடித்த கையில் இருந்து விடுபடுவது

ஒருவர் உங்கள் மணிக்கட்டைப் பிடித்திருக்கிறார். நான்கு விரல் ஒரு பக்கமாகச் சுற்றி வந்து, கட்டைவிரல் மறுபக்கமாக வந்து, இரண்டும் ஓர் இடத்தில் சந்திக்கும். அந்தச் சந்திப்புதான் வாசல். எவ்வளவு பலசாலியாக இருந்தாலும் ஒரு கட்டைவிரல் நம் முழு உடம்புக்கு ஈடாகாது.

முதலில் உங்கள் ஐந்து விரலையும் நன்றாக விரியுங்கள். ஹாப்கிடோவில் இதற்கு நிறைய முக்கியத்துவம் கொடுப்பார்கள். விரித்தால் முன்கையின் நரம்புகள் இறுகி, மணிக்கட்டு கெட்டிப்படும், பிடித்தவரின் பிடி கொஞ்சம் நெகிழும். இரண்டாவது, மணிக்கட்டைத் திருப்பி அதன் மெல்லிய ஓரம் அந்த வாசலுக்கு நேராக வரும்படி வையுங்கள். கை தட்டையாக இருந்தால் வாசலில் குறுக்கே மாட்டிக்கொள்ளும். கதவிடுக்கில் பலகையை நுழைப்பது போலத்தான். மூன்றாவதுதான் முக்கியம்: கையை உங்கள் பக்கம் இழுக்காதீர்கள். முழங்கையை மடக்கி அவர் முழங்கையை நோக்கிக் கொண்டுபோங்கள், கூடவே ஒரு காலையும் எடுத்து முன்னால் வையுங்கள். முழங்கை முன்னால் போகும்போது மணிக்கட்டு வாசல் வழியாகத் தானாக வெளியே வரும். வந்த மறுகணம் இரண்டு கையையும் முகத்துக்கு முன்னால் வைத்துக்கொண்டு பின்வாங்கித் திரும்பி ஓடுங்கள். ஓடுவதும் பயிற்சியில் சேர்த்தி. கையை விடுவித்துவிட்டு அங்கேயே நிற்கப் பழகினால் தெருவிலும் அங்கேயே நிற்பீர்கள்.

பயிற்சியை மூன்று கட்டமாகச் செய்யுங்கள். முதல் இரண்டு வாரம் இணையர் சும்மா பிடிக்கட்டும், வடிவம் படியட்டும். அடுத்து, பல்லைக் கடித்துப் பிடிக்கட்டும். அதற்கும் அடுத்து, பிடித்துக்கொண்டு இழுத்துக்கொண்டு நடக்கட்டும். பெரும்பாலான கூடங்களில் மூன்றாவது கட்டத்துக்குப் போவதே இல்லை, நீங்களாகத்தான் கேட்டு வாங்க வேண்டும். நிஜத்தில் யாரும் கையைப் பிடித்துக்கொண்டு சிலை மாதிரி நிற்க மாட்டார்கள், இழுப்பார்கள். இழுக்கும்போது எதிர்த்து இழுத்தால் கயிறு இழுக்கிற போட்டி ஆகிவிடும், பலம் உள்ளவர் ஜெயிப்பார். அவர் இழுக்கிற திசையிலேயே ஓர் அடி வேகமாக உள்ளே போங்கள். எதிர்பார்த்த பாரம் திடீரென்று இல்லாமல் போவதால் அவர் ஒரு கணம் தடுமாறுவார், கட்டைவிரல் இளகும். அந்தக் கணத்தில் திருப்ப வேண்டும். நீர், வட்டம், இணக்கம் என்று ஹாப்கிடோவில் மூன்று தத்துவம் சொல்வார்கள். சுவரில் எழுதி மாட்டியிருந்ததை இரண்டு வருடம் வெறுமனே வாசித்துக்கொண்டிருந்தேன். இழுத்த பக்கமே போகக் கற்றுக்கொண்ட அன்றுதான் புரிந்தது.

பின்னால் இருந்து கட்டிப்பிடித்தால் முதல் வேலை, காலை அகட்டி உடம்பைச் சட்டென்று கீழே இறக்குவது. நின்றபடி திமிறினால் தூக்கிவிடுவார்கள். இறங்கின பிறகு அவர் பாதத்தைக் குதிகாலால் மிதிப்பது, ஒரு விரலை மட்டும் பிடித்துப் பிரிப்பது எல்லாம் வரும். இதைப் பாயில்தான் பழக வேண்டும், படித்துக் கைவராது.

அடிப்பதும் உதைப்பதும்

முஷ்டியால் முகத்தில் குத்தாதீர்கள். பழகாத முஷ்டி மண்டையோட்டில் பட்டால் முறிவது நம் சுண்டுவிரல் பக்கத்து எலும்பு. உள்ளங்கையின் அடிப்பாகத்தால் கீழிருந்து மேலாக மோவாயைத் தள்ளி அடிப்பதை ஒரு பயிற்சி அட்டையில் தினமும் பத்து நிமிடம் பழகுங்கள். உதையில் ஆப் சாகி எனப்படும் நேர் உதை ஒன்று போதும், அதுவும் முட்டிக்குக் கீழே. காலணி போட்ட காலால் கணுக்கால் எலும்பில் ஓர் உதை விழுந்தால் எவ்வளவு பெரிய ஆளும் ஓர் அடி பின்வாங்குவார். தலைக்கு மேல் காலைத் தூக்கி உதைப்பது அழகு, நானும் ஆசைப்பட்டுத்தான் கற்றேன். ஈரத் தெருவில், ஜீன்ஸ் போட்டுக்கொண்டு, ஒற்றைக் காலில் நிற்க நான் துணிய மாட்டேன்.

மூட்டைப் பூட்டுகிற முறைகள் ஹாப்கிடோவில் ஏராளம். கற்றுக்கொள்ளுங்கள், உடம்பைப் பற்றிய அறிவு வேறு எதிலும் இவ்வளவு நுணுக்கமாக வராது. ஆனால் முதல் வருடத்தில் அதை நம்பி எதிலும் இறங்க வேண்டாம். வலியால் அடக்குகிற பிடி, குடிவெறியில் இருக்கிறவரிடம் வேலை செய்யாமல் போகலாம். வியர்த்த கை வழுக்கும். குளிர்காலத்தில் இங்கே எல்லோரும் முழங்கால் வரை தொங்குகிற பஞ்சுக்கோட்டு போட்டிருப்பார்கள், அதற்குள் மணிக்கட்டு எங்கே இருக்கிறது என்று தேடுவதே பெரும்பாடு.

கத்தி இருந்தால் இது எதுவும் இல்லை. பணப்பையைத் தூரமாக எறிந்துவிட்டு எதிர்த்திசையில் ஓட வேண்டும். கத்தியைப் பறிக்கிற பயிற்சியும் நடக்கும், நானும் செய்கிறேன். மரக் கத்தியில் சாயம் தடவி ஒருநாள் செய்து பார்த்தோம். ஒரு நிமிடம் முடிந்ததும் என் வெள்ளை டோபொக்கில் ஏழு இடத்தில் சிவப்புக் கோடு இருந்தது.

டோபொக் இல்லாமல் ஒரு நாள்

மாதம் ஒரு முறையாவது தெருவில் நடக்கிற உடையோடு பயிற்சி செய்ய அனுமதி கேளுங்கள். சுத்தமாகக் கழுவிய ஷூ, முதுகுப்பை, கோட்டு, கையில் ஃபோன் எல்லாம் இருக்கட்டும். பையின் பட்டையைப் பிடித்து இழுத்தால் தோளை உருவி விட்டுவிட்டு ஓட முடிகிறதா? கோட்டோடு உருள முடிகிறதா? சுவர் ஓரத்தில் நின்றால், படிக்கட்டில் நின்றால்? பாயில் வந்ததெல்லாம் அங்கே வருகிறதா என்று அன்றைக்குத் தெரியும்.

குரலையும் பழகுங்கள். வகுப்பில் ஒவ்வோர் உதைக்கும் கிஹாப் எனப்படும் ஒரு முழக்கம் போடச் சொல்வார்கள். நம் பெண்களுக்கு அதுதான் எல்லாவற்றையும்விடக் கடினமாக இருக்கிறது. சத்தம் போடாதே என்று கேட்டே வளர்ந்தவர்கள் நாம். முதல் மாதம் முழுவதும் எனக்குத் தொண்டையில் இருந்து காற்றுதான் வந்தது. அடிவயிற்றில் இருந்து வருகிற சத்தத்துக்கு ஆளை ஒரு கணம் நிறுத்துகிற சக்தி உண்டு, நம் உடம்பு உறைந்துபோகாமலும் காக்கும். வெறும் சத்தமாக இல்லாமல் "ஹாஜி மாசெயோ", செய்யாதீர்கள், என்றும், "டோவாஜுசெயோ", உதவுங்கள், என்றும் கத்திப் பழகுங்கள். சுற்றியிருப்பவர்களுக்குப் புரிகிற மொழியில் கத்த வேண்டும்.

ஓடினால் எங்கே ஓடுவது? 24 மணி நேரமும் திறந்திருக்கிற சின்னக் கடை உங்கள் வழியில் எங்கே எங்கே இருக்கிறது என்று பகலில் ஒருநாள் நடந்து பார்த்து வையுங்கள். சந்துகளில் கேமரா கம்பத்தோடு சேர்ந்து அவசர அழைப்புப் பொத்தான் இருக்கும், பொதுக் கழிப்பறைகளிலும் பல இடத்தில் உண்டு. போலீஸ் எண் 112, நம் ஊரிலும் அதே எண்தான். இங்கே "இல்-இல்-இ" என்று சொல்வார்கள். பேச முடியாத நிலையில் அதே எண்ணுக்குக் குறுஞ்செய்தியும் அனுப்பலாம். எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்பார்கள். ஒவ்வொரு கட்டடத்தின் வாசலிலும் நீலப் பலகையில் தெருப்பெயரும் எண்ணும் இருக்கும், அதைப் படித்துச் சொல்லும் அளவுக்குக் கொரிய எழுத்தைக் கற்றுக்கொள்ளுங்கள். ஒரு வார இறுதியில் கற்றுவிடக்கூடிய எழுத்து அது.

சட்டம்

கொரியக் குற்றவியல் சட்டத்தின் 21-வது பிரிவு தற்காப்பை அனுமதிக்கிறது. ஆனால் நடைமுறையில் அந்த எல்லை ரொம்பக் குறுகலானது. இருவரும் கைநீட்டியிருந்தால் "ஸாங்பாங் போக்ஹேங்", இரு தரப்புத் தாக்குதல் என்று இருவர் மேலும் வழக்கு பாயலாம். யார் தொடங்கினார் என்பதோடு, அவர் ஓய்ந்த பிறகும் நீங்கள் அடித்தீர்களா, அவர் செய்ததைவிட அதிகமாகச் செய்தீர்களா என்றும் பார்ப்பார்கள். விசாவில் இருக்கிற நமக்கு இது சின்ன விஷயம் இல்லை. விடுபடு, விலகு, ஓடு, 112 என்ற வரிசை உங்கள் எலும்பையும் காக்கும், விசாவையும் காக்கும். இந்தியாவில் 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கிற பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையான பிரிவுகள் தற்காப்பு உரிமையைச் சொல்கின்றன. தேவைக்கு மேல் தீங்கு செய்யக் கூடாது என்ற வரம்பு அங்கேயும் உண்டு.

தேர்வும் சான்றிதழும்

பெல்ட் நிறங்களின் வரிசை கூடத்துக்குக் கூடம் மாறும், அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். வாரம் மூன்று நாள் தவறாமல் வந்தால் எங்கள் கூடத்தில் ஒன்றரை வருடத்தில் கறுப்பு பெல்ட்டின் முதல் டான், அதாவது முதல் படிநிலைத் தேர்வுக்கு விடுகிறார்கள். கொரியாவில் அதை அடிப்படை முடிந்ததற்கு அடையாளமாகத்தான் நினைக்கிறார்கள்.

தேர்வுக்கு விண்ணப்பம் எழுதும்போது பெயரில் கவனம். நம்மில் பலருக்கு முதலெழுத்தும் பெயரும் மட்டும்தான். பாஸ்போர்ட்டிலோ அப்பா பெயர் விரிந்து குடும்பப்பெயர் ஆகியிருக்கும், கொரியாவின் வெளிநாட்டவர் அடையாள அட்டையிலும் அப்படியே ஏறியிருக்கும். கூடத்தில் எல்லோரும் கூப்பிடுகிற பெயரை மட்டும் சபொம்நிம் எழுதி அனுப்பிவிட்டால் சான்றிதழ் ஒரு பெயரிலும் பாஸ்போர்ட் ஒரு பெயரிலும் நிற்கும். நாடு மாறி வேறு கூடத்தில் சேரும்போது இது நீங்கள்தானா என்று கேட்பார்கள். அடையாள அட்டையின் நகலையே கொடுத்து, அதில் உள்ள எழுத்து மாறாமல் அச்சடிக்கச் சொல்லுங்கள். எந்தச் சங்கத்தின் முத்திரையில் சான்றிதழ் வருகிறது என்றும் முதலிலேயே கேட்டு வையுங்கள், ஹாப்கிடோவுக்குக் கொரியாவில் ஒரே சங்கம் இல்லை, பல உண்டு.

அந்தப் பெண் வருகிற திங்கள்கிழமை 9 மணி வகுப்புக்கு என்னோடு வருவதாகச் சொல்லியிருக்கிறாள். மெட்டி இல்லை, மூக்குத்தி உண்டு. மேலே டேப் ஒட்டிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன்.